பெட்டிக்குள் ஒரு வானிலை

தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்த பெட்டியைத் துடைத்து, திருகுகளைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய காகிதத்தை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். துளி ஈரம் இருந்தாலும் கன்னம் சொல்லிவிடும். அவன் வடிவமைத்த பெட்டிகளில் அது ஒருநாளும் குறை சொன்னதில்லை. பட்டறையில் அவனுக்கு "இறுக்கி" என்று பெயர். அவன் முறுக்கிய திருகைக் கழற்ற வேண்டுமானால் முதலில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரவேண்டும் என்பார்கள். அது கேலியா பாராட்டா என்று அவன் ஆராய்ந்ததில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டான்.

ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ள எச்சரிக்கைக் கருவிகள்தான் அந்த நிறுவனத்தின் தொழில். ஓர் இரும்புக் கம்பம், அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் ஒரு மின்னணுப் பலகை, சூரியத் தகட்டில் மின்சாரம் ஏறும் ஒரு பேட்டரி, தலைக்கு மேல் ஓர் ஆண்டெனா. ஆறு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆறு ஏறினால் அங்கிருந்து தகவல் பறக்கும். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் பெட்டிகள் ஊமையாக ஆரம்பித்தன. எல்லாம் விடியற்காலையில். சில பெட்டிகள் வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல் மறுபடி பேசும். சில பேசவே பேசாது. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து திறந்தால் உள்ளே எலும்பு போல் காய்ந்திருக்கும். ஆனால் பலகையின் ஒரு மூலையில் மட்டும் செம்பு அரித்துப் பச்சை பூத்திருக்கும்.

"உன் பெட்டி ஒழுகுதுப்பா," என்றார் மேலாளர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். இறுக்கிக்கு அது செவிட்டில் அறைந்தது போல் இருந்தது. ஒரு ரப்பர் வளையம் இருந்த இடத்தில் இரண்டு போட்டான். விளிம்பெல்லாம் பசை தடவினான். திருகுகளை இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். அப்படி இறுக்கி அனுப்பிய பெட்டிகள்தான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு செத்தன.

அந்த நேரத்தில்தான் மேலாளர் ஒருநாள் காலையில் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். "இவங்க பெட்டிக்குள்ள சூடும் ஈரமும் எப்படிப் போகும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்றவங்க. இனிமே நம்மகூடத்தான்," என்றார். நிமிர்ந்து பார்த்த இறுக்கி அப்படியே நின்றுவிட்டான். அவன் வீட்டு மாடியில் குடியிருக்கும் அண்ணி.

"என்ன தம்பி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"அண்ணி... நீங்க எப்படி இங்க?"

"இப்படி ஒரு ஆள் தேடுறாங்கன்னு நீங்கதானே சாப்பிடும்போது அண்ணன்கிட்ட சொன்னீங்க? நான் காதுல வாங்கிக்கிட்டேன். கொழுந்தன் சிபாரிசுல வந்தேன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாதுல்ல? அதான் மூச்சு விடல. உங்க அண்ணனுக்கே நேத்துதான் தெரியும்."

கட்டடச் சுவர்களுக்குள் ஈரம் எப்படி ஊர்கிறது என்று ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பல வருடம் கணக்குப் போட்டவள் அவள். "என் பொண்டாட்டி என்னைவிடச் சுவரோடதான் அதிகம் பேசுவா," என்று அண்ணன் சொல்வதைக் கேட்டு வீடே சிரிக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதைத் தேடுகிறவள். டீயில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்பது அவளுக்கு எப்போதும் சந்தேகம். அவள் வந்து தன் பெட்டியைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் இறுக்கி நினைத்தான்.

அவள் சொல்லவில்லை, கேட்டாள். கேட்டுக் கேட்டுத் துளைத்தெடுத்தாள். பெட்டிச் சுவர் எத்தனை தடிமன்? என்ன வகை பிளாஸ்டிக்? கேபிளின் மேல்தோல் எதனால் ஆனது? பலகை எந்தெந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தின்கிறது? மூடி எந்தத் திசையைப் பார்க்கிறது? பெட்டிக்கு மேல் வானம் தெரிகிறதா, மரம் மறைக்கிறதா? போலீஸ் விசாரணை கெட்டது போங்கள். இறுக்கி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். வானத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "பெட்டிக்கும் வானத்துக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டான்.

"இருக்குமோன்னுதான் பார்க்கிறேன்," என்றாள்.

ஒரு மூடியை உலர்த்தும் அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்து நன்றாகக் காயவைத்தாள். தராசில் எடை போட்டாள். பிறகு ஈரக் காற்று நிரம்பிய ஒரு பெட்டகத்தில் அதை வைத்துவிட்டுத் தினமும் எடுத்து எடை பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்து இறுக்கியைக் கூப்பிட்டுத் தராசைக் காட்டினாள். மூடியின் எடை கூடியிருந்தது.

"மூடி தண்ணி குடிச்சிருக்கு, தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. "சீல் பண்ணினதுல தப்பே இல்ல அண்ணி. நான் முக்கிப் பார்த்துத்தான் அனுப்புறேன்."

"உங்க சீல் மேல யாரு குத்தம் சொன்னா? அதுல ஒரு பொட்டுத் தண்ணி நுழையாது. நான் கண்ணால பார்த்துட்டேன். ஆனா வர்றது தண்ணி இல்ல, ஆவி. அது பிளாஸ்டிக் சுவருக்குள்ளயே நடந்து வரும், கேபிள் தோலுக்குள்ள நடந்து வரும். ரொம்ப மெதுவா வரும். ஆனா நிக்காம வரும்."

"சரி, வந்தது திரும்பிப் போகட்டுமே?"

"எப்படிப் போகும்? வாசல் எல்லாத்தையும் நீங்கதான் அடைச்சிட்டீங்களே. பகல்ல வெயில் அடிச்சா பிளாஸ்டிக்கும் பலகையும் குடிச்ச ஈரத்தை உள்ளேயே கக்கும். அப்புறம் குளிர ஆரம்பிச்சா, உள்ள எது எல்லாத்தையும்விட ஜில்லுன்னு இருக்கோ அது மேல போய் உட்கார்ந்துக்கும். மத்தியானத்துக்குள்ள மறுபடி ஆவியாயிடும். நீங்க திறந்து பார்க்கும்போது கொலையும் இல்ல, கொலைகாரனும் இல்ல."

இரண்டு வளையம் போட்ட பெட்டிகள் ஏன் முந்திக்கொண்டன என்பதையும் அப்போதே சொன்னாள். வெயிலில் காய்ந்த பெட்டி மேல் திடீரென்று மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். விளிம்பெல்லாம் அடைத்துவிட்டதால் கேபிளின் கம்பி இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாக மழைத் தண்ணீரையே உறிஞ்சியிருக்கிறது. இறுக்கிக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் காதில் பூ சுற்றுகிறாளோ என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது.

அது அண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலாளரை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆத்து வளைவுல இருக்கிற பெட்டிக்குக் கண்ணாடி மாதிரித் தெரியிற மூடி ஒண்ணு போடுங்க. வானம் தெளிவா இருக்கிற நாளாப் பார்த்து, விடியறதுக்குள்ள அங்க போய் நிப்போம். முதல் துளி மூடியில வராது. மூடி மரத்தைப் பார்த்து இருக்கு. ஆண்டெனா உள்ள வந்து மாட்டியிருக்கே, அந்தப் பித்தளைத் திருகு, அதுலதான் வரும். வெளிய ஆண்டெனா வெறும் வானத்தைப் பார்த்து நின்னு சூட்டையெல்லாம் இழந்துடும். அந்தக் குளிர் உலோகம் வழியா நேரா உள்ள இறங்கும். அதே நாள் பாலத்துப் பெட்டியும் நனையும்."

இப்படி ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டி யாரும் சொல்லி இறுக்கி கேட்டதில்லை. தவறினால் எல்லோர் முன்னாலும் மூக்குடைபடும். அது தெரிந்தேதான் சொல்கிறாள்.

அந்த நாள் வந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. ஆற்றிலிருந்து கிளம்பிய குளிர் முழங்காலைப் பிடித்தது. பாலத்துப் பெட்டிக்கு மேலாளர் போயிருந்தார். வளைவில் அண்ணி சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு, சின்ன விளக்கைப் பெட்டிக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாள். இறுக்கி மூடிக்கு முன்னால் கண்கொத்திப் பாம்பாக நின்றான்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. கிழக்கில் கொஞ்சம் வெளுத்தது. ஒரு பறவை கத்தியது. பித்தளைத் திருகின் பளபளப்பு லேசாக மங்கியது போல் இருந்தது. தன் மூச்சுதான் மூடியில் படுகிறதோ என்று ஓரடி பின்வாங்கினான். இல்லை, மூடி தெளிவாகத்தான் இருந்தது. திருகின் மேல்தான் பொடிப் பொடியாக ஏதோ பூத்தது. பொடி ஒன்றோடொன்று சேர்ந்து மணியாயிற்று. மணி கனத்துத் தொங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வழுக்கி, பலகையின் அந்த ஒரு மூலையில் போய்த் தொட்டது. பச்சை பூத்திருக்குமே, அதே மூலை.

இறுக்கியின் கைபேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணிதான். "வளைவுப் பெட்டி இப்பத்தான் பேச்சை நிறுத்துச்சு. நீங்க ஏதாவது கழட்டினீங்களா?"

"யாரும் தொடலம்மா," என்றான். தன் பெட்டி தன் கண்முன்னே கெட்டுப்போயிருக்கிறது. வருத்தப்பட வேண்டியவன் அண்ணியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூடிய பெட்டிக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில், என்ன நடக்கும் என்று மேசையில் உட்கார்ந்தபடியே இந்தப் பெண் பார்த்திருக்கிறாள்! அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. குளிரால் மட்டும் இல்லை.

பாலத்திலிருந்து மேலாளர் வந்து சொன்ன சேதி வேறு மாதிரி இருந்தது. அங்கே பெட்டி நனையவே இல்லை. இறுக்கி அண்ணியின் முகத்தைப் பார்த்தான். சமாளிக்க எதையாவது சொல்வாள் என்று நினைத்தான்.

"அப்போ பாலத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு," என்றாள் உடனே. "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க சார்."

பாலத்தில் போய்ப் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் பாலத்தின் கான்கிரீட் தளம் வானத்தை மறைத்துக்கொண்டு நீண்டிருந்தது. தூணில் உள்ளங்கையை வைத்தாள். "தம்பி, கை வச்சுப் பாருங்க. நேத்து வெயில் இன்னும் இங்க இருக்கு." தூண் வெதுவெதுப்பாக இருந்தது. "எல்லாப் பெட்டியும் வெட்டவெளியில நிக்கிற மாதிரி நினைச்சுக் கணக்குப் போட்டுட்டேன். மரமண்டை." தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கண்ணாடி நழுவி மூக்கில் இறங்கியது. சொன்னது பலித்ததைவிட, பலிக்காததை அவள் எடுத்துக்கொண்ட விதம்தான் இறுக்கியின் மனதில் நின்றது. சீல் ஒழுகுகிறது என்று சொன்னபோது தான் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தான்.

கணக்கைத் திருத்திய பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. முதல் வருடமும் இதே ஆறு, இதே வானம், இதே பிளாஸ்டிக். அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை?

"பெட்டியில நான் எதையும் மாத்தல," என்றான் இறுக்கி.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "பெட்டியில இல்ல... மேகம் மூடின வாரங்கள்ல பேட்டரி தீர்ந்து போகுதுன்னு, ராத்திரியில பலகையைத் தூங்க வைக்கச் சொன்னேன். கால்மணிக்கு ஒருதரம் மட்டும் எழுந்து ஆத்தைப் பார்க்கும்."

அண்ணி மேசையைத் தட்டினாள். "அதான்! முழிச்சிருந்த பலகையோட சூடுதான் முதல் வருஷம் பெட்டியைக் காப்பாத்தியிருக்கு. தூங்கினதும் பெட்டி ஆறிப்போச்சு."

"அப்போ இத்தனைக்கும் காரணம் நான்தானா?" என்றார் மேலாளர்.

"நீங்க பேட்டரியைக் காப்பாத்தினீங்க சார். அதுவும் வேணும்ல? இப்ப ரெண்டையும் காப்பாத்தணும். அவ்வளவுதான்."

சில நாளில் வழியோடு வந்தாள். ஆண்டெனாவின் உலோகம் பெட்டியைத் தொடும் இடத்தில் குளிரைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். அது சுலபம். பலகைக்குச் சின்னதாக ஒரு வேலை: சாயங்காலத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும், பெட்டி எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேகத்தில் போனால் விடியும்போது துளி விழுமா விழாதா என்று அதுவே கணிக்க வேண்டும். விழும் என்று தோன்றினால் மட்டும், நேரத்தோடு கொஞ்சம் விழித்திருந்து தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் நிம்மதியாகத் தூங்கும். "பெட்டிக்குள்ள ஒரு வானிலை நிலையம்னு வச்சுக்கோங்க," என்றாள். மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவதைச் சொல்லத்தான் தயங்கினாள். "தம்பி, பெட்டியில ஒரு ஓட்டை போடணும்."

பக்கத்து மேசைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு இறுக்கியைப் பார்த்தார்.

"சின்ன ஓட்டைதான். அதுக்கு மேல ஒரு சவ்வு ஒட்டணும். காத்தையும் ஆவியையும் விடும், தண்ணியை விடாது. உள்ள சேர்ந்த ஈரம் பகல்ல வெளிய போயிடும். மழை விழுந்தா பெட்டி கேபிள் வழியா உறிஞ்சாது. மூச்சு விட்டுக்கும்."

"எந்த இடத்துல?" என்று கேட்டான். அவனுக்கே தன் கேள்வி வியப்பாக இருந்தது.

"அது எனக்குத் தெரியாது. கீழ, நிழல் பக்கமா இருக்கணும்னு மட்டும்தான் கணக்கு சொல்லுது. சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், சேறு எது வரைக்கும் தெறிக்கும், இதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. நீங்க வேண்டாம்னா வேண்டாம். வேற வழி தேடுறேன்."

அவன் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குளவிகள் எந்தச் சந்தில் மண் அப்பும் என்பது நினைவுக்கு வந்தது. ஓட்டைக்கு மேல் குளவி நுழைய முடியாதபடி ஒரு குட்டிக் குடை வைத்தால் என்ன? பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். அழித்தான். விரலளவு தள்ளி மறுபடி வைத்தான். யாரையும் தொடவிடாமல் துளையிடும் கருவியைத் தானே எடுத்தான். பிளாஸ்டிக் துருவல் சுருள் சுருளாக மேசையில் விழுந்தது. தன் பெட்டியில் தன் கையால் ஓட்டை போட மனம் வராது என்று எதிர்பார்த்திருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றைச் செய்கிற சுறுசுறுப்புத்தான் இருந்தது. "இறுக்கியே ஓட்டை போட்டாச்சு, இனி உலகம் தாங்காது," என்றார் பக்கத்து மேசைக்காரர். இறுக்கியும் சேர்ந்து சிரித்தான்.

மழைக்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளையும் மாற்றிவிட வேண்டும் என்று ஆட்கள் கரையெங்கும் ஓடினார்கள். மாற்றி முடித்து மூச்சு விடுவதற்குள் அது வந்தது.

வெள்ளம் என்றால் இடி மின்னலோடு வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அன்று கீழே ஊரில் வானம் கழுவி விட்டது போல் இருந்தது. குளிர் வேறு. தொலைவில் மலைக்குப் பின்னால் கொட்டித் தீர்த்த மழை மட்டும் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பெட்டிகளாக இருந்தால் ஒன்றுவிடாமல் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடிய விடியல். கட்டுப்பாட்டு அறை அம்மா கூப்பிட்டதும் இறுக்கியும் அண்ணியும் தலைகூட வாராமல் ஓடினார்கள்.

திரையில் ஆறு ஒரு நீலக் கோடு. அதன் மேல் ஒவ்வொரு பெட்டியும் ஒரு புள்ளி. மேலேயிருந்து ஒவ்வொரு புள்ளியாகச் சிவந்துகொண்டு வந்தது. சிவந்தது என்றால் அந்தப் பெட்டி பேசுகிறது, ஆறு ஏறிவிட்டது என்று சொல்கிறது. அந்த அம்மா ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு தாழ்வான தெருக்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். இறுக்கி ஆற்று மட்டத்தைப் பார்த்தான். அண்ணி அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த பெட்டிக்குள்ளான ஈர அளவையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். "தொடல... இன்னும் தொடல... முழிச்சுக்கிச்சு, நல்ல பிள்ளை... தொடல..."

வளைவுப் பெட்டியின் ஈர எண் ஏறி ஏறி, துளி விழும் விளிம்பு வரை வந்தது. இறுக்கியின் கை மேசையை இறுக்கிப் பிடித்தது. விளிம்பிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. புள்ளி சிவப்பாகவே எரிந்தது.

மலையடிவாரத்தில் கடைக்கோடியில் இருந்த ஒரு புள்ளி மட்டும் சட்டென்று அணைந்தது. அண்ணியின் முகம் வெளுத்தது. "அது நனைஞ்சிருக்காதே, அதுக்கு நேரமே வரலையே..." கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மிதந்து வந்த பெரிய மரம் ஒன்று மோதிக் கம்பத்தோடு பெட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"மரம் என் கணக்குல இல்ல," என்றாள் அண்ணி. அத்தனை பதற்றத்திலும் கட்டுப்பாட்டு அறை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. அப்போது வீடுகளில் ஓர் ஆள்கூட இல்லை. எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேலாளர் அண்ணியின் முன்னால் வந்து நன்றி சொன்னார். கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பிகிட்டயும் சொல்லுங்க சார். ஓட்டை அவரோடது," என்றாள் அவள்.

தண்ணீர் வடிந்த மறுநாள் இருவரும் கரையில் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினார்கள். பேருந்து நிறைய வீடு திரும்புகிறவர்கள்தான். பாய், தலையணை, மின்விசிறி, கூண்டில் ஒரு கிளி. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப் போனாள். செருப்பெல்லாம் சேறு. பக்கத்தில் கையில் மின்விசிறியை வைத்துக்கொண்டு நின்ற பெரியவர் இறுக்கியிடம் கேட்டார்: "இவங்களும் தாழ்ந்த தெருவா? பாவம், ரொம்ப அலுப்பு போல."

"இல்லைங்க. இவங்க எங்க அண்ணி." இறுக்கிக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஆத்தங்கரையில சாம்பல் கலர்ல பெட்டி நிக்குதுல்ல? அன்னைக்கு உங்களைக் கிளம்பச் சொன்னது அதுதான். அது மூடியிருக்கும்போதே உள்ள எப்பக் குளிரும், எப்ப நனையும்னு இவங்களுக்குத் தெரியும். அது நனையாம இருந்ததாலதான் உங்களுக்குச் சேதி வந்துச்சு."

"மூடின பெட்டிக்குள்ளயா? திறக்காமலா?"

"திறக்காமலேதான்."

பெரியவர் தூங்குகிறவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேருந்து திரும்பியதும் வெயில் ஜன்னல் வழியாக அண்ணியின் முகத்தில் நேராக விழுந்தது. அவர் மின்விசிறியைத் தூக்கி முன் இருக்கையின் முதுகில் சாய்த்து, அதன் அகன்ற அடித்தட்டு வெயிலை மறைக்கும்படி பிடித்துக்கொண்டார். தான் இறங்க வேண்டிய இடம் வரும்வரை கையை எடுக்கவில்லை.